நடுக்குச்சிப் பூண்டு

கரண்ட் போனால் மற்ற வீடுகளில் மின்விசிறி நிற்கும், டிவி அணையும். எங்கள் வீட்டில் கூடுதலாக நான் பிரிட்ஜைப் பார்த்து ஓடுவேன். நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் அது. மின்வெட்டு ஓயாமல் இருந்த காலம். எங்கள் வீட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில், காய்கறி போட்டுவைக்கும் பெட்டிக்குள், துணியில் சுற்றிய பூண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறது என்பது சித்தப்பாவின் சொல். குளிரில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் அது மண்ணில் விளையும், பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டால் வெறும் இலையாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் வடக்கே போய்விட்டார். அதனால் கரண்ட் போனதிலிருந்து திரும்ப வரும்வரை நான் பிரிட்ஜ் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, கதவை யாரும் திறந்துவிடாமல் காவல் காப்பேன்.

பயப்படுவதில் எனக்கு நல்ல திறமை இருந்தது. பள்ளி வேன் கொஞ்சம் தாமதித்தால் டிரைவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவேன். எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம், கொல்லிமலை அடிவாரம். மேகம் இறங்கி மலை மறைந்துபோகிற நாட்களில், அது அங்கேயேதான் இருக்கிறதா என்று அப்பாவிடம் உறுதிப்படுத்திக்கொண்டுதான் வேனில் ஏறுவேன். அப்பா வெங்காயக் காட்டிலிருந்து தலை நிமிராமலே, "இருக்குது, போ சாமி" என்பார். இப்படிப்பட்டவளிடம் ஒரு பிரிட்ஜை ஒப்படைத்துவிட்டுப் போனதற்குச் சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னதை அப்படியே நம்பிய ஆள் வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வண்டி எந்த மாநிலத்துக்குப் போகிறதோ அந்த மாநிலத்துக்குப் போவார், மாதக்கணக்கில் வரமாட்டார். அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது ஒரு மஞ்சள் பை நிறையப் பூண்டு கொண்டுவந்தார். பனி விழுகிற மலைநாட்டில், ஆப்பிள் தோட்டத்துக்குள் போர் போடப் போன இடத்தில், அந்த வீட்டு அம்மா கொடுத்தாராம். நாங்கள் சந்தையில் வாங்குகிற பூண்டு மாதிரி அது இல்லை. தோலில் கத்தரிக்காய் நிறத்தில் கோடு ஓடியது. பற்கள் எல்லாம் பெரிசு பெரிசாக ஒரே வட்டமாக உட்கார்ந்திருந்தன. வட்டத்துக்கு நடுவில் விறைப்பாக ஒரு குச்சி நின்றது. ஒரு பூண்டை உடைத்து, அந்தக் குச்சியை மட்டும் உருவி எனக்குக் கொடுத்தார் சித்தப்பா. பென்சில் கட்டை அளவு இருந்தது. நான் அதை ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பூண்டு சமையலுக்கு வந்ததல்ல, சித்திக்கு வந்தது. சித்தி அப்போது மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் முறை வீடே கொண்டாடியது. சித்திக்கு அம்மா இல்லாததால் பிரசவமும் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகி, தொட்டில், பழைய நூல் சேலைத் துணி, பேறுகால மருந்துச் சாமான் என்று ஒவ்வொன்றாக என் அம்மாதான் வாங்கிச் சேர்த்தாள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் பூண்டுதான் எல்லாம். குழம்பிலும் பூண்டு, பாலில் வேகவைத்தும் பூண்டு. பால் சுரக்கும், வயிற்றுப் புண் ஆறும் என்பார்கள். அதற்காக ஒரு கூடை மலைப்பூண்டு வாங்கி அடுப்படியில் தொங்கவிட்டிருந்தாள். குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. கூடை மட்டும் தொங்கியது. யாரும் தொடாமல், யாரும் எடுத்துப் போடவும் மனம் வராமல், பூண்டெல்லாம் பச்சைப் பச்சையாக முளைவிட்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை அம்மா ஒரே ஒரு தொட்டில் துணி வாங்கினாள். அந்தக் கரு பாதியிலேயே கலைந்துவிட்டது.

மூன்றாவது முறை அம்மா ஒரு சட்டம் போட்டாள். பிறக்கிறதுக்கு முன்னால் ஒரு துரும்புகூட வாங்கக் கூடாது. கட்டுச்சோற்றுச் சீர் கிடையாது, வளைகாப்பு கிடையாது, வீட்டுக்குள்கூட அதைப் பற்றிப் பேச்சுக் கிடையாது. யாராவது சித்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு விசாரித்தால், "வாயுத் தொந்தரவுங்க" என்று அம்மா பதில் சொல்வாள். வாயுத் தொந்தரவு மாதாமாதம் பெரிதாகிக்கொண்டு வந்ததை ஊரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

சித்தப்பா அம்மாவை நங்கை என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அண்ணிக்கு அதுதான் பெயர். அம்மாவின் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டுதான் அவர் வந்திருந்தார்.

"நங்கை, பொறக்கறதுக்கு முன்னால எதையும் வாங்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க? நடக்கூடாதுன்னு சொல்லலீங்களே."

"பனியில வெளையறதக் கொண்டாந்து இந்த வெயில்ல நட்டா, நட்ட எடத்துலயே வெந்து கொழம்பாயிரும் போங்க" என்றாள் அம்மா.

அதற்கும் சித்தப்பாவிடம் பதில் இருந்தது. பனிக்குப் பதில் பிரிட்ஜ். அந்த பிரிட்ஜ் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அதன் கதவைக்கூட அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பா திறப்பார். அவள் எப்படிச் சம்மதித்தாள் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். வாயால் சம்மதம் சொல்லவில்லை. கீழ்ப்பெட்டியில் இருந்த கத்தரிக்காயையும் முள்ளங்கியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் பூண்டு இருந்தது. தோசை மாவில் பூண்டு மணத்தது. பாலில் மணத்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவர் காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ரசப்பொடி கிசப்பொடி விழுந்துருச்சுங்களா?" என்று பணிவாகக் கேட்டார். கோயிலுக்கு வைத்துப்போக எடுத்துவைத்த மல்லிகைச் சரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா போட்ட சத்தத்தில், சித்தப்பாவுக்கு எந்த மாநிலத்தில் இருந்தாலும் விக்கல் எடுத்திருக்கும். ஆனால் கரண்ட் போனால் அவளும் ஓடிவருவாள். மேலே உறைந்திருக்கிற ஐஸ் டப்பாவை எடுத்துப் பூண்டுக்குப் பக்கத்தில் சட்டென்று வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். "மாவு புளிச்சுப் போயிருமில்ல, அதுக்குத்தான்" என்பாள். மாவு மேல்தட்டில் இருந்தது. சொல்லிக்காட்டுகிற தைரியம் எனக்கு இல்லை.

சித்தி அதிகம் பேசாதவள். பிரிட்ஜைக் கடந்து போகும்போது கதவின் மேல் ஒரு தரம் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான். சித்தப்பா போனில் கூப்பிடும்போது முதலில் என்னிடம்தான் கேட்பார்: "பிரிட்ஜு ஓடுதா கண்ணு?" ஓடுகிறது என்று நான் சொன்ன பிறகுதான் சித்தியிடம் கொடுக்கச் சொல்வார்.

தீபாவளி முடிந்து காலையில் பனி பெய்யத் தொடங்கியதும் பூண்டை நட்டோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கறிவேப்பிலை மரத்தடியில், மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து அப்பா ஒரு சின்னப் பாத்தி பிடித்துக் கொடுத்தார். கோழி கிளறாமல் இருக்கச் சுற்றிப் பச்சை வலை கட்டினார். சித்தி ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பல்லாக மண்ணுக்குள் வைத்தாள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. கடைசிப் பல்லை வைத்து மண்ணை மூடிவிட்டுச் சித்தி சொன்னாள்: "இது நல்லபடியா வெளைஞ்சுதுன்னா அதுவும் நல்லபடியா வந்துருஞ் சாமி."

எது என்று நான் கேட்கவில்லை. கரண்ட் போன நேரங்களில் பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அடுப்படியில் கிசுகிசுக்கிற எல்லாமே காதில் விழுந்திருந்தது. விளையாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, அந்தக் கேள்வி அன்றைக்கே என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இவ எதுக்கு இப்புடி முடிபோட்டு வெக்கறா" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு என்னிடம், "இத யார்கிட்டயும் சொல்லிப்போடாத" என்றாள். மறுநாள் காலையில் நான் எழுந்து போய்ப் பார்த்தால், பூண்டுப் பாத்தியில் ஏற்கெனவே தண்ணீர் தெளித்திருந்தது.

முளைத்தது. அதற்கே நான் பெரிய நிம்மதி அடைந்தேன், ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கார்த்திகை மழையில் பாத்தியில் தண்ணீர் நின்றது. அம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையிலேயே போய் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்தாள். மழை விட்டதும் இலை நுனி காய்ந்தது. காய்ந்தது நின்றதும் ஒரு செடியைக் கோழி எப்படியோ வலைக்குள் புகுந்து பிடுங்கிப் போட்டது. மார்கழிதான் கொஞ்சம் நன்றாகப் போனது. ஊரெல்லாம் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் இன்னும் குளிர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பல் கிட்டியபடி பாத்தி ஓரத்தில் நிற்பேன். தட்டை தட்டையான இலைகள் கிழக்கே பார்த்து நிமிர்ந்து நின்றன.

பொங்கல் முடிந்த வாரம் சித்திக்குக் கால் வீங்கியது. நடமாடவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சித்தியின் அறை வாசல் பக்கம். அங்கிருந்து ரோடு தெரியும், தோட்டம் தெரியாது. நான் பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் பாத்தியைப் பார்த்துவிட்டு, நேராகப் போய்ச் சித்தியிடம் சொல்ல வேண்டும். ஒரு இலை கூடுதலாக வந்திருக்கிறது, தண்டு தடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த நேரத்தில்தான் சித்தப்பாவின் வண்டி எங்கோ காட்டுப் பக்கம் போயிருந்தது. போன் அடித்தால் எட்டாத தூரத்தில் இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பாத்தியில் அதைப் பார்த்தேன். ஒரு செடியின் நடுவிலிருந்து, இலை மாதிரி இல்லாமல், உருண்டையாக ஒரு தண்டு கிளம்பியிருந்தது. நுனியில் கிளி மூக்கு மாதிரி மூடிய ஒரு மொட்டு. இரண்டொரு நாளில் பக்கத்துச் செடிகளிலும் வந்துவிட்டது. முதலில் வந்த தண்டு அதற்குள் வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றது. எனக்கு அது ஏதோ நோய் மாதிரி தெரிந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். என் அப்பா பிறந்ததிலிருந்து சின்ன வெங்காயத்தோடு இருப்பவர்.

"பூ வெச்சிருச்சு" என்றார். "வெங்காயத்துல இப்புடித் தாளுல பூ வந்துட்டா அவ்வளவுதான். சத்தெல்லாம் அதுக்குப் போயிரும், கெழங்கு பெருக்காது. புடுங்கிப் போட்டுட்டு நாலு வெண்டை வெதையப் போடுங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். நான் பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "மெதுவாப் பேசுங்க" என்றாள் அம்மா. அவ்வளவு மெல்லிய குரலில் அம்மா பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்குச் சித்தி கேட்டபோது "நல்லா இருக்குது சித்தி" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். இலை எண்ணிக்கை, தண்டுக் கனம் எதுவும் சொல்ல வாய் வரவில்லை. சித்தி என் முகத்தையே பார்த்தாள். "ஏஞ்சாமி, மொகம் வாடிக் கெடக்குது?" என்றாள். கணக்குப் பரீட்சை என்றேன். சித்தி என் கையைப் பிடித்து, "பரிச்சை பாட்டுக்கு வரும், போவும்" என்றாள்.  அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சித்தியை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போக வேண்டும். வாசல் பக்கம் கார் வர வழியில்லை, பின்பக்கம் மாட்டுக் கொட்டகை வரைக்கும்தான் வரும். அங்கே போக வேண்டுமென்றால் பூண்டுப் பாத்தியைக் கடந்துதான் போக வேண்டும். கடந்தால் பார்ப்பாள். பார்த்தால் புரிந்துவிடும், அவளும் வெங்காயக்காரக் குடும்பத்தில் பிறந்தவள்தானே. பூண்டு நட்ட அன்றைக்குச் சொன்ன வார்த்தை அவளுக்கு ஞாபகம் வரும். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா கத்தியோடு தோட்டத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். செடிகளைப் பிடுங்கத்தான் போகிறாள் என்று நினைத்து, "வேண்டாம்மா" என்றேன். அவள் பிடுங்கவில்லை. பனி சொட்டச் சொட்ட ஒவ்வொரு செடியிலும் அந்தத் தண்டை மட்டும் இலைக்குள் கத்தியை விட்டு அறுத்தாள். அறுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கோத்து நின்றது. தண்டுகளையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான், அவற்றை எங்கே ஒளிப்பது என்ற கேள்வி வந்தது. மாட்டுக்குப் போட்டால் பால் மணத்துக் காட்டிக்கொடுத்துவிடும். குப்பைக்குழியில் போட்டால் கோழி வாசல்வரை இழுத்துக்கொண்டு வரும்.  அம்மா நேராக அடுப்படிக்குப் போய், பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்துவிட்டாள்.

"என்ன பொரியல்னு கேட்டா வெங்காயத்தாளுன்னு சொல்லு" என்று எனக்கு உத்தரவு. வீடு முழுக்கப் பூண்டு மணத்தது. ஆனால் எங்கள் வீடுதான் ஆடியிலிருந்தே பூண்டு மணத்துக்கொண்டிருந்ததே. அதனால் தப்பித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

சித்திக்குத் தட்டில் சோறும் பொரியலும் வைத்து அம்மாவே கொண்டுபோனாள். நான் கதவோரம் நின்றேன். சித்தி ஒரு வாய் எடுத்து மென்றாள். மெல்லுவது ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

"என்ன பொரியலுங்க்கா?"

"வெங்காயத்தாளு. காட்டுல இருந்து இவங்கப்பா கொண்டாந்தாங்க" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா இருக்குதுங்க்கா. இன்னுங் கொஞ்சம் வையுங்க."

அம்மா ஓட்டமும் நடையுமாக அடுப்படிக்கு வந்து சட்டியோடு எடுத்துப்போனாள். சித்தி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். காருக்குப் போகும்போது அம்மா பாத்திப் பக்கமாகவே நடந்து, சித்தியை மறைத்துக்கொண்டு, வெண்டை விதையைப் பற்றியும் தவிட்டு விலையைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினாள். அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. சித்தி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. படுக்கையில் விழும்வரை பாத்தியைப் பார்க்காமல் ஒருநாளும் போகாதவள், அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்க் காரில் ஏறினாள். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மா மாவரைக்கப் போயிருந்தாள். சித்தி மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. படியிலேயே நின்றுகொண்டு, வைக்கோல் போரில் இருந்து ஒரு கை உருவிக்கொண்டு வா என்றாள். கொண்டுவந்தேன். இன்னும் கொண்டுவரச் சொன்னாள். பிறகு தானே இறங்கி வந்து, நின்றபடியே பாத்தி முழுக்க வைக்கோலைத் தூவி, செடிகளின் நடுவில் எல்லாம் படியும்படி காலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள். வெட்டிய அடையாளம் ஒன்றுகூடத் தெரியவில்லை. நல்ல வேளை, சித்தி கவனிக்கும் முன்னாலேயே எல்லாம் மூடிப்போனது என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

"வெயிலு ஏறுதல்ல, பூண்டு காஞ்சுபோயிரும்" என்றாள் சித்தி. "நாம் போட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லாத சாமி. எந்திரிச்சு நடந்தேன்னா வைவாங்க."

நான் சொல்லவில்லை. வைக்கோலைப் பார்த்த அம்மா, அப்பா போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

மாசியில், நாள் வருவதற்கு முன்னாலேயே சித்திக்கு வலி எடுத்தது. அம்மாதான் கூட்டிக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது, எடை பற்றாது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. அதன்பிறகு வந்த போனில் எல்லாம் "அப்படியேதான் இருக்குது" என்ற ஒரே பதில்தான். அப்பாவும் நானும் பழைய சோற்றையும் ஊறுகாயையும் தின்றுகொண்டு போனைப் பார்த்தபடி இருந்தோம். அதற்குள் பூண்டு இலையெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. நான் பதறிப்போய் அப்பாவைக் கேட்டேன். முற்றினால் மஞ்சளாகத்தான் செய்யும், பிடுங்கிவிடலாம் என்றார். சொன்னாரே தவிர, அவரும் பிடுங்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார். சித்தி முடிபோட்டு வைத்ததை அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாக இருந்தாள். "பாப்பாவப் பொட்டியில இருந்து எடுத்துச் சித்தி கையில குடுத்துட்டாங்க" என்றாள். நான் குதித்தேன். அம்மா வீட்டுக்குள் போகவில்லை. கால்கூடக் கழுவாமல் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பூண்டுப் பாத்திக்கு வந்தாள். பத்தியச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். வலையை விலக்கிவிட்டு உட்கார்ந்து, வைக்கோலை வாரி ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"உங்கப்பா நல்ல காலத்துக்கு இந்த வைக்கோலப் போட்டாங்க. இல்லாட்டி வெட்டுனது அவ கண்ணுல பட்டிருக்கும்" என்றாள்.

பிள்ளைதான் நல்லபடியாக வந்துவிட்டதே, இனி எழுந்து நடந்ததற்காகச் சித்தியை யார் வையப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. "அப்பா போடலம்மா. சித்திதான் போட்டாங்க" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "எப்போ?"

"நீ வெங்காயத்தாளுப் பொரியல் பண்ணுன அன்னைக்குத்தான். சாயங்காலமா."

"இன்னுங் கொஞ்சம் வையுங்கன்னாளே" என்று அம்மா முணுமுணுத்தாள். வைக்கோலுக்கு அடியில் கத்தி பட்ட இடமெல்லாம் காய்ந்து, வரிசையாகக் கட்டை கட்டையாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு களைக்கொத்தை மண்ணில் இறக்கினாள். பூண்டு வந்தது. நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் தோலில் அதே கத்தரிக்காய்க் கோடு. பற்கள் அதே போல வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் விறைப்பாக ஒரு குச்சி. நான் உள்ளே ஓடி ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து என் குச்சியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான். அந்த ஜாதிப் பூண்டு தண்டு விடத்தான் செய்யும், தண்டு வந்தால்தான் குளிர் பிடித்தது என்று அர்த்தம், அதைக் கிள்ளிப் பொரியல் செய்வதுதான் அந்த ஊரிலும் வழக்கம் என்று சித்தப்பா அப்புறம் வந்து சொல்லிச் சிரித்தார். அந்தக் குச்சி எங்கிருந்து வந்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெங்காயம்தான் எங்கள் கண்ணில் நின்றது.

இரண்டு குச்சியையும் அம்மாவுக்குக் காட்டத் திரும்பினேன். அம்மா மண்ணிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டிருந்தாள். மடியில் பூண்டு. தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோதுகூட அழாதவள் இப்போது எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மடியில் கிடந்த பூண்டின் அளவைப் பார்த்ததும் புரிந்துவிட்டதாக நினைத்தேன். இத்தனை மாதம் பாடுபட்டதற்கு இவ்வளவுதானா என்று அழுகிறாள்.

"பரவால்லம்மா. நம்மூரு வெயிலுக்கு இவ்வளவு வந்ததே பெருசு" என்றேன், அப்பாவின் குரலில்.

"ஆமாஞ் சாமி, பெருசுதான்" என்று சொல்லிவிட்டு, மண்ணும் பூண்டும் அப்பிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள். அழுகை இன்னும் அதிகமாகத்தான் ஆனது. எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. பூண்டுக் கை கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். தொட்டிக்கு ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து, "கண்ணக் கழுவிக்கம்மா" என்று நீட்டினேன்.